பிய்ந்த கோருக்குப் பட்டியா, துண்டா, புதுக் கோரா?

மரம் இழைக்கும் இயந்திரமான பிளேனருக்குள் தள்ளிய கோர், அதாவது ஸ்கீயின் நடுவில் இருக்கும் மரப்பலகை, மறுபக்கம் வெளியே வருகிறது. நடுப்பகுதி வழவழவென்று இருக்கிறது. நுனிப் பக்கம் மட்டும், வரிசையாக ஒட்டிய ரீப்பர் பட்டைகளில் ஒன்று விரல் நீளத்துக்குப் பிய்ந்து குழிந்திருக்கிறது. அதை ஒட்டியுள்ள இரண்டு பட்டைகளிலும் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டு ஷெட்டிலோ கராஜிலோ ஸ்கீ, ஸ்னோபோர்டு என்னும் பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டுகிறவர்கள் இந்தக் காட்சியை என்றாவது பார்த்தே தீருவார்கள். அடுத்து என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கு ஒரு கட்சி. அப்படியே விடு, அடுக்குகளை ஒட்டும் எபாக்சிப் பசை பார்த்துக்கொள்ளும் என்பார் ஒருவர். மரத்துண்டு பதித்தால்தான் நிம்மதி என்பார் இன்னொருவர். மரம்தானே, தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஒட்டு என்பார் மூன்றாமவர்.

மூன்று பேர் சொல்வதும் சரிதான், ஆனால் வேறு வேறு இடங்களுக்கு. நுனியில் நீளமாகப் பிய்ந்திருந்தால் பட்டி வைத்துவிட்டு மறந்துவிடலாம். காலடியில், பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் பைண்டிங்கின் திருகு இறங்கும் இடத்தில் நகத்தளவு பெயர்ந்திருந்தாலும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் அளவைப் பார்ப்பேன். ஒரே ஒரு வழியைத்தான் கற்றுக்கொள்ள நேரமிருக்கிறது என்றால், கெட்டியாக்கிய எபாக்சியால் பட்டி வைப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். பத்தில் எட்டுக்கு அது போதும்.

கோர் என்ன வேலை செய்கிறது?

ஸ்கீயின் உடம்பு அடுக்கடுக்கானது. கீழே பனியில் வழுக்கும் பாலிஎதிலீன் பிளாஸ்டிக் பேஸ், அதன் ஓரத்தில் எஃகு விளிம்பு, மேலே கண்ணாடி இழைத் துணி, நடுவில் மரக் கோர், அதன் இரு பக்கமும் ஏபிஎஸ் அல்லது பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் சைடுவால் என்னும் பக்கச்சுவர், மறுபடி கண்ணாடி இழை, கடைசியில் டாப்ஷீட் என்னும் மேலுறை. ஸ்கீ கோர் காலடியில் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். இரு முனைகளிலும் 2 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடும். ஸ்னோபோர்டில் நடுப்பகுதி 7, 8 மில்லிமீட்டர்தான். மேலும் கீழும் உள்ள கண்ணாடி இழை, எபாக்சியோடு சேர்ந்தும், பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் வளைவைத் தாங்குவது பெரும்பாலும் அந்த மெல்லிய தோல்கள்தான். அவை இரண்டையும் உரிய தூரத்தில் பிடித்து வைத்து, ஒன்றுக்கொன்று வழுக்கிப் போகாமல் தடுப்பதே கோரின் முதல் வேலை.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பட்டி வைப்பதில் உள்ள பயம் போய்விடும். நார் ஓடும் திசையில் இழுத்துப் பார்த்தால், இறுகிய எபாக்சியின் விறைப்பு மரத்தின் விறைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கோரிடம் நாம் கேட்பது இழுவைத் தாங்குவதை அல்ல. வழுக்கப் பார்க்கும் விசைக்கு ஈடு கொடுப்பதில், கோருக்கு எடுக்கும் பாப்லர் மரத்துக்கு எபாக்சி சளைத்ததே இல்லை. எடைக் கவலையும் வேண்டாம். 60 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு பள்ளத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் எபாக்சி பிடிக்கும். அங்கே இருந்த பாப்லர் அரை கிராமுக்குள் இருந்திருக்கும், இப்போது ஒரு கிராம். டாப்ஷீட்டில் ஒட்டும் ஸ்டிக்கர் அதைவிடக் கனம்.

பள்ளம் வெற்றிடமாக உள்ளே மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து. பனியில் ஸ்கீ வளையும்போது முனைகள் மேலெழும்பி, மேல்தோல் அமுக்கத்துக்கு உள்ளாகிறது. அடியில் பிடிமானம் இல்லாத இடத்தில் அந்தத் தோல் புடைத்துச் சுருங்கப் பார்க்கும். ஒரு மோசமான தரையிறக்கத்தில் அங்கேயே முறியவும் முறியும். அடிப்பக்க வெற்றிடத்துக்கு வேறு வில்லங்கம் உண்டு. பாறை கிழித்த பேஸ் வழியாக ஈரம் அதற்குள் போய் உறையும். நீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கிறது. ஒவ்வொரு முறை உறையும்போதும் அது ஒட்டை நெம்பும்.

ஏன் அந்த ஒரு முனையில் மட்டும்?

பழுது பார்ப்பதற்கு முன் காரணத்தைப் பிடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய துண்டும் அடுத்த ஓட்டத்தில் பிய்ந்து வரும். பிளேனரின் கத்தி, முதலில் நுழையும் முனையிலிருந்து பின்முனையை நோக்கி வெட்டிக்கொண்டு போகிறது. முதலில் நுழையும் பாதியில் கோர் மெல்லிய நுனியிலிருந்து தடித்த நடுவை நோக்கி ஏறுகிறது. அங்கே கத்தி, அறுபட்ட நார்முனைகளுக்கு அடியில் புகுந்து நெம்பிவிடும். பின்பாதியில் இறக்கம், நாரை அமுக்கிக்கொண்டே வெட்டுவதால் சுத்தமாக வரும். அதனால்தான் பெரும்பாலும் ஒரு முனை பிய்கிறது, மறுமுனை கண்ணாடி மாதிரி வருகிறது. அந்தப் பாதியிலும் எல்லாப் பட்டைகளும் பிய்வதில்லை, நார் மேல்நோக்கிச் சாய்ந்த பட்டையோ கணு உள்ள பட்டையோதான் பிய்யும். மழுங்கிய கத்தியும் ஒரே ஓட்டத்தில் அதிகம் எடுக்கும் பேராசையும் இதை மோசமாக்கும். கடைசி ஒரு மில்லிமீட்டரைப் பிளேனரிடம் கொடுக்காமல், இழைப்புளியை நடுவிலிருந்து நுனி நோக்கித் தள்ளியோ உப்புத்தாள் சுற்றிய நீளக் கட்டையால் தேய்த்தோ எடுத்தால் பாதித் தொல்லை குறையும். சுழலும் கத்தியுள்ள ரவுட்டரில் ஓரம் வெட்டும்போதும் இதே கணக்குதான்: அகலமான இடத்திலிருந்து ஒடுங்கும் இடத்தை நோக்கிப் போக வேண்டும்.

விட்டுவிடலாம் என்ற கட்சி

அரை மில்லிமீட்டருக்கும் குறைவான, பரவலான சொரசொரப்பு என்றால் நானும் இந்தக் கட்சிதான். எல்லாப் பொருளையும் எபாக்சி போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் நாளில் கோரின் இரு முகங்களிலும் எபாக்சியைத் தேய்த்து ஊறவிட்டாலே அது நிரம்பிவிடும்.

அதைவிட ஆழமென்றால், அடுக்குகளை அழுத்தி இறுகவைக்கும் பிரஸ் எப்படிப்பட்டது என்று கேட்க வேண்டும். வீட்டு பிரஸ்களில் பலவற்றில் தீயணைப்புக் குழாயைக் காற்றுப் பையாக வைத்து 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) அளவுக்கு அழுத்துகிறார்கள். 180 செ.மீ. நீளமும் சராசரி 11 செ.மீ. அகலமும் உள்ள ஒரு ஸ்கீமேல் அது ஐந்தரை டன் பாரம். இவ்வளவு அழுத்தம் இருந்தால் எபாக்சி எல்லா இடத்துக்கும் போய்விடாதா என்று தோன்றும். போகும், ஆனால் தங்காது. தளர்வான எபாக்சி, அழுத்தம் குறைந்த பக்கமாக, அதாவது ஓரங்கள் வழியாக வெளியே ஓடவே பார்க்கும். பைக்கும் டாப்ஷீட்டுக்கும் நடுவே எஃகுத் தகடு வைத்திருந்தால் தகடு பள்ளத்தின்மேல் பாலம் போட்டுவிடும். உள்ளே காற்றுக்குமிழி மிஞ்சலாம். தகடு இல்லாமல் மெத்தென்று அழுத்தினால் டாப்ஷீட் பள்ளத்துக்குள் அமுங்கி, பளபளப்பான மேற்பரப்பில் அம்மைத் தழும்பு தெரியும். பிரஸ் இல்லாமல், காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பையில் செய்பவர்களுக்கு இந்தக் கட்சி இன்னும் ஆகாது. அங்கே கிடைப்பதே அதிகபட்சம் ஒரு வளிமண்டல அழுத்தம், ஏறத்தாழ 14.7 பிஎஸ்ஐ.

எபாக்சிப் பட்டி

எபாக்சியைத் தனியாக ஊற்றினால் வழிந்து ஓடும், அல்லது மரம் குடித்துவிட்டுப் பள்ளம் பாதி காலியாக நிற்கும். கெட்டியாக்க வேண்டும். சன்னமான மரத்தூள், கொலாய்டல் சிலிக்கா என்னும் நுண்தூள், நுண்கண்ணாடி உருண்டைகள் என்று மூன்று பொருள்கள் புழக்கத்தில் உள்ளன. உப்புத்தாள் இயந்திரத்தின் பையில் சேரும் தூளே முதலாவதற்குப் போதும். காசு செலவில்லை, நிறமும் மரத்தோடு போகும், ஒளி ஊடுருவும் டாப்ஷீட் போடுகிறவர்களுக்கு அது முக்கியம். சிலிக்கா கலந்தால் வலுவாக இருக்கும், செங்குத்துப் பரப்பிலும் வழியாது, ஆனால் தேய்த்துச் சமன் செய்யக் கை வலிக்கும். நுண்கண்ணாடி உருண்டை இலேசானது, எளிதில் தேயும், வலு குறைவு. நுனிக்கு மட்டும் சரி, காலடிக்குக் கூடாது. நான் மரத்தூளில் தொடங்கி, கொஞ்சம் சிலிக்காவால் முடிப்பேன். கெட்டித் துவையல் பதம் வந்தால் சரி: கத்தி முனையில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாலும் விழக் கூடாது. சிலிக்காவும் உருண்டைகளும் மூச்சோடு உள்ளே போகக் கூடியவை, முகமூடி இல்லாமல் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

வைக்கும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தளர நிற்கும் சிம்புகளை உளியால் எடுத்துவிட்டு, முதலில் எதுவும் கலக்காத எபாக்சியைப் பள்ளத்துக்குள் தடவி, மரம் குடிக்கும் மட்டும் குடிக்க விட வேண்டும். அதன்மேல்தான் பட்டி. நேராகப் பட்டியை வைத்தால் மரம் அதிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, ஒட்டும் பரப்பு வறண்டுபோகும்.

எப்போது வைப்பது? இதில்தான் உண்மையான தேர்வு. முன்கூட்டியே வைத்து இறுகவிட்டால், அளவுகோலை வைத்துச் சமம் பார்க்கலாம், குறைந்தால் இன்னொரு தடவை வைக்கலாம். ஆனால் பல எபாக்சிகள் இறுகும்போது மேலே மெழுகு போன்ற ஓர் ஏடு படிகிறது. அதைத் தண்ணீரும் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, உலரவிட்டு, 80-ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்காமல் மேலே துணி அடுக்கினால், பட்டி இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டுப் பிடிக்காது. கழுவாமல் தேய்ப்பதும் தப்பு. உப்புத்தாள் அந்த ஏட்டை மரமெங்கும் இழுத்துப் பூசிவிடும். அடுக்கும் நாளிலேயே, அதே எபாக்சியில் ஒரு கிண்ணம் எடுத்துக் கெட்டியாக்கி, ஈரத்தோடு ஈரமாக வைத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பட்டியும் துணியில் ஊறிய எபாக்சியும் ஒன்றாகவே இறுகும். ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே கடிகாரத்தோடு ஓட்டப்பந்தயம். பேஸ், விளிம்பு, ரப்பர் நாடா, துணி என்று ஒவ்வொன்றாக எபாக்சி சூடேறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். அதனால் பள்ளம் ஒன்றிரண்டு, ஆழம் இரண்டு மில்லிமீட்டருக்குள் என்றால் அடுக்கும் நாளில் வையுங்கள். பல இடங்கள், ஆழமானவை, மேல்முகத்தில் உள்ளவை என்றால் முன்கூட்டியே. ஆழமான பள்ளத்தை ஒரே மூச்சில் நிரப்ப வேண்டாம். எபாக்சி மொத்தமாக இறுகும்போது தன் சூட்டிலேயே கொதித்து நுரைத்துவிடும்.

சிம்பு கையில் இருந்தால்

பெயர்ந்த சிம்பு முழுதாகக் கிடைத்திருந்தால் அதைவிட நல்ல துண்டு உலகத்தில் இல்லை. நாரும் நிறமும் உடைந்த விளிம்பும் அப்படியே பொருந்தும். தூசி உறிஞ்சும் குழாய்க்குள் போய்விடாமல் அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. இரு பக்கமும் எபாக்சி தடவி, மேலே மெழுகுத்தாள் வைத்து, ஒரு கட்டையும் கிளாம்பும் போட்டால் முடிந்தது. ஆனால் பிளேனரில் பிய்ந்தது பொடிப்பொடியாகத்தான் வரும். ரவுட்டரிலோ ரம்பத்திலோ பெயர்ந்ததற்குத்தான் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கும்.

மரத்துண்டு பதிப்பது

இது தச்சரின் வழி. பார்க்க மிக அழகானது. தேவையில்லாத இடத்தில் அதிகமாகச் செய்யப்படுவதும் இதுதான். பள்ளத்தின் அடியை உளியால் தட்டையாக்கி, இரு முனைகளையும் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக ஏற்ற வேண்டும். படகு கட்டுபவர்கள் ஒன்றுக்கு எட்டு என்ற சரிவை வைப்பார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு முனைக்கு 12 மில்லிமீட்டர் சரிவு. அதே பலகையின் மிச்சத்திலிருந்து, நார் அதே திசையில் ஓடும்படி துண்டு வெட்டி, அரை மில்லிமீட்டர் தூக்கலாக ஒட்டி, இறுகிய பிறகு இழைத்துச் சமன் செய்வது. ஓர் இடத்துக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

அந்த மாலையைக் கொடுக்க வேண்டிய இடம் காலடிதான். ஸ்கீயில் பைண்டிங் திருகு மேல்முகத்திலிருந்து ஒன்பது மில்லிமீட்டர் போல உள்ளே இறங்கி, கண்ணாடி இழையையும் மரத்தையும் கவ்வுகிறது. பாப்லர், பௌலோனியா போன்ற இலேசான மரங்களில் கட்டுபவர்கள்கூடக் காலடியில் மேப்பிள் அல்லது ஆஷ் பட்டைகளை ஓடவிடுவது இந்தப் பிடிக்காகத்தான். அந்த இடத்தில் பெரிய பள்ளம் இருந்தால், துண்டையும் மேப்பிளிலேயே பதிப்பது நல்லது. சிறிய குழி என்றால் சிலிக்கா கலந்த எபாக்சியே திருகை நன்றாகப் பிடிக்கும். படகுக்காரர்கள் திருகுத் துளையை வேண்டுமென்றே பெரிதாகத் துளைத்து, எபாக்சி நிரப்பி, மறுபடி துளைப்பது வழக்கம்.

ஸ்னோபோர்டில் கணக்கு தலைகீழ். பைண்டிங் திருகு ஏறும் எம்6 அளவு உலோக இன்சர்ட்டின் அகன்ற தட்டு கோரின் அடிமுகத்தில் உட்காருகிறது. பைண்டிங் மேலே இழுக்கும்போது அந்தத் தட்டு மரத்தை அமுக்குகிறது. ஆகவே துளையின் மேல்வாயைச் சுற்றிச் சிம்பு பெயர்ந்திருந்தால் பட்டியோடு விட்டுவிடலாம். அடியில் தட்டு உட்காரும் படியில் பெயர்ந்திருந்தால் தட்டு சாய்ந்து உட்காரும், பாரம் ஒரு பக்கமே விழும். அங்கே கெட்டியான எபாக்சியை வைத்து, அது ஈரமாக இருக்கும்போதே இன்சர்ட்டை நேராக அமர்த்தி இறுகவிட வேண்டும். இன்சர்ட்டின் மரைகளுக்குள் எபாக்சி ஏறாதபடி திருகையோ மெழுகையோ முதலில் அடைத்துக்கொள்ளுங்கள். துளைக்கும்போது அடியில் ஒரு வீண்பலகையை இறுக்கி வைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

ஓரங்களில் என்ன செய்யலாம்

சைடுவால் ஒட்டும் ஓரத்தில் பெயர்ந்திருந்தால் தனி வேலையே இல்லை. சைடுவாலைக் கெட்டியாக்கிய எபாக்சியால் ஒட்டுங்கள், கிளாம்ப் இறுக்கும்போது பள்ளம் தானாக நிரம்பும். ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஓரத்தையே புதிதாக வெட்டிவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியானால் நான்கு ஓரங்களையும், அதாவது ஜோடியின் இரண்டு ஸ்கீகளையும் வெட்ட வேண்டும்; ஒரு சிம்புக்காக வடிவத்தை மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எஃகு விளிம்பின் பற்கள் படியும் அடியோரத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே வெற்றிடம் இருந்தால், பாறையில் ஒரு இடி போதும், விளிம்பு பிடுங்கிக்கொண்டு வரும்.

வேண்டாம் என்று சொல்லக்கூடியவை

தச்சுப் பட்டறையில் வெள்ளைப் பசையும் மரத்தூளும் குழைத்து ஓட்டை அடைப்பது பழக்கம். மேசைக்கு அது சரி. ஸ்கீக்குள் அது காயும்போது சுருங்கும். பிரஸ்ஸை 70, 80 டிகிரிக்குச் சூடேற்றும்போது இளகும். காய்ந்த அந்தப் பசைமேல் எபாக்சியும் நன்றாகப் பிடிக்காது. பட்டைகளை ஒன்றோடொன்று ஒட்ட நீர் தாங்கும் வெள்ளைப் பசையையே எல்லோரும் பயன்படுத்துகிறார்களே என்றால், அங்கே அது இரண்டு மரப் பரப்புகளுக்கு நடுவே மெல்லிய படலமாக இருக்கிறது, பள்ளத்தை நிரப்பவில்லை. உடனடிப் பசை நொடியில் இறுகும், அதிர்வில் நொறுங்கும். மயிரிழைப் பிளவு மேலும் ஓடாமல் நிறுத்த ஒரு சொட்டு விடலாம், அவ்வளவுதான். கார் டிங்கரிங் பட்டி பாலியெஸ்டர் வகை. வேகமாக இறுகும், அருமையாகத் தேயும். ஆனால் வளையும் பொருளில் விரிசல் விடும், ஈரத்தையும் குடிக்கும். எபாக்சி கையில் இருக்கும்போது அதைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

நுனியே போய்விட்டால்

2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நுனியில் ஒன்றரை மில்லிமீட்டர் பிய்ந்துவிட்டால் மிஞ்சுவது காகிதம். துண்டு பதிக்கவும் ஆழம் இல்லை. இங்கே நான் மரத்தோடு மல்லுக்கட்ட மாட்டேன். நுனியை அரைவட்டமாகவோ அம்புமுனையாகவோ வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதே தடிமனுள்ள ஏபிஎஸ் தகட்டைப் பொருத்தலாம். பல கம்பெனி ஸ்கீகளில் மரம் நுனிவரை போவதே இல்லை, கடைசிச் சில அங்குலங்களை இப்படி பிளாஸ்டிக்தான் நிரப்புகிறது. மரமும் பிளாஸ்டிக்கும் சேரும் கோடு நேராகக் குறுக்கே ஓடக் கூடாது. அங்கே மடிப்பு விழும். ஜோடியின் மற்ற ஸ்கீயிலும் இதையே செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் வேறு வேறாக வளையும்.

எப்போது கைவிடுவது

குறுக்கே ஓடும் விரிசல் அகலத்தின் பாதியைத் தாண்டினால், காலடியில் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெயர்ந்திருந்தால், பட்டைகளுக்கு நடுவே ஒட்டு விட்டுப்போயிருந்தால் நான் புதுக் கோர் கட்சிக்கு மாறிவிடுவேன். இவை என் அளவுகோல்கள், எந்த விதிநூலும் சொன்னவை அல்ல. தச்சர் மனசுக்கு மரத்தைத் தள்ளுவது கஷ்டம்தான். ஆனால் செலவைப் பாருங்கள்: பேஸ், விளிம்பு, கண்ணாடி இழை, எபாக்சி, டாப்ஷீட் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் பாப்லர் பலகை மலிவு. போகப்போவது நம் உழைப்பு. பட்டைகளை அறுத்து, ஒட்டி, மறுபடி இழைக்க ஒரு வார இறுதி. பிரஸ்ஸில் இறுகிய பிறகு ஸ்கீயைத் திறந்து பார்க்க வழி கிடையாது. உள்ளே போன சந்தேகம் விலையுயர்ந்த எல்லாப் பொருளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

இழைப்பதற்கு முன்பே கண்ணில் பட்டால் நடுவழி ஒன்று உண்டு. கோர் இன்னும் ஒரே தடிமனில் பலகையாக இருக்கும்போது, கெட்ட பட்டையை மட்டும் டேபிள் ரம்பத்தில் நீளவாக்கில் அறுத்து எடுத்து, ரம்பம் தின்ற அகலத்தையும் சேர்த்துச் சற்று அகலமான புதுப் பட்டையை ஒட்டிவிடலாம். கணு உள்ள பட்டைகளை அப்போதே தேடிப் பிடித்து, முடிந்தால் நுனியும் வாலும் தவிர்த்த இடத்துக்கு வரும்படி தள்ளி ஒட்டுவது நல்லது.

தள்ளிய கோரை அடுப்புக்கு அனுப்ப வேண்டாம். அதன் நல்ல பாதியிலிருந்து, ஏற்கெனவே சரிவாக இழைத்த, அதே மரத்துண்டுகள் கிடைக்கும். மீதியில் இன்சர்ட் துளைகளைப் போட்டுப் பழகலாம். இரண்டு மூன்று இடங்களில் வேண்டுமென்றே பிய்த்து, வெவ்வேறு பட்டிகளை வைத்து இறுகவிட்டு, ஒவ்வொன்றிலும் பைண்டிங் திருகை இறக்கி இழுத்துப் பார்த்தால் உங்கள் எபாக்சி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.